கெம்போங் மீனுக்குப் பேரினப் பெயர் தந்தவர்

அன்புத் தம்பி, ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் நீ எனக்கு எழுதிக் கேட்டது இது: மீனியல் ஆய்வில் உலகப் புகழ் பெற்றவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவருமான டேவிட் ஸ்டார் ஜோர்டனின் பெயரை, அவர் வளர்த்தெடுத்த பல்கலைக்கழகமே 2020இல் தன் கட்டடத்திலிருந்து நீக்கியது ஏன்? நூறாண்டுக்கு முன் வாழ்ந்தவரை இன்றைய அளவுகோலால் அளப்பது முறைதானா? அவருடைய அறிவியலையும் சேர்த்து ஒதுக்கிவிட வேண்டுமா? இந்த ஊரில் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்பதாலும், இந்தக் கேள்வி என் குடும்பத்தையே தொட்டுச் சென்ற ஒன்று என்பதாலும், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மீனிலிருந்து தொடங்குவதே சரி. அரசு ஏட்டில் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் நாம் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிக்கொண்டிருக்கும் இந்த மலேசிய ஊரின் காலைச் சந்தையில், கோலசிலாங்கூர்ப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வந்திறங்கும் கெம்போங் மீனை நீ பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாய். அடுத்த முறை உன் அம்மா மீன் ஆயும்போது, செவுளைப் பிடுங்குவதற்கு முன் ஒரு மீனை வாங்கி அதன் வாயை அகலத் திறந்து உள்ளே பார். செவுள் வளைவுகளின் உட்புறத்தில், சீப்பின் பற்களைப் போல நெருக்கமாகவும் நீளமாகவும் மெல்லிய முட்கள் வரிசையாக நிற்பது தெரியும். கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பதற்கு அவை உதவுகின்றன. 1908இல் ஜோர்டனும் அவருடைய மாணவராயிருந்த ஸ்டார்க்ஸும் இந்த மீன்களை ஏனைய கானாங்கெளுத்தி வகைகளிலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கி, ‘ராஸ்ட்ரெல்லிஜர்’ என்று பெயரிட்டார்கள். பற்கள் வைத்த சிறு வாரியைச் சுமப்பது என்று அந்த இலத்தீன் சொல்லுக்குப் பொருள். மீனின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதி, அதிலிருந்து ஒரு பெயரை உண்டாக்கிய அந்தக் கூர்மை உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1851இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜோர்டன், 34 வயதில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ரயில்வே முதலாளியான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டும் அவர் மனைவி ஜேனும் இறந்துபோன தங்கள் ஒரே மகனின் நினைவாகப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கட்டியபோது, 1891இல் அதன் முதல் தலைவராக அழைக்கப்பட்டு 1913 வரை அப்பதவியில் இருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் அறிவியலுக்குப் புதிதாக விவரித்த மீன் இனங்கள் 2,500க்கும் மேல். 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் அவருடைய சேகரத்தின் கண்ணாடிக் குடுவைகள் பல உடைந்து சிதறியபோதும் அவர் துவளாமல் மறுபடியும் வகைப்படுத்தத் தொடங்கினார். போரை எதிர்த்தார், பிலிப்பைன்ஸை அமெரிக்கா விழுங்குவதை எதிர்த்தார், முதல் உலகப் போரில் தன் நாடு இறங்கக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இவ்வளவையும் அறிந்தவர்களுக்கு அவர் ஒரு பெரிய மனிதராகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் அவர் ஏன் போரை எதிர்த்தார் என்று கேட்டுப் பார்த்தால் கதை இருளத் தொடங்குகிறது. 1902இல் வெளியிட்ட ‘ஒரு தேசத்தின் இரத்தம்’ என்ற நூலில் அவர் முன்வைத்த வாதம் இது: போர் வலிமையும் துணிவும் உள்ள இளைஞர்களைக் கொன்றுவிடுகிறது, எஞ்சியிருக்கும் தரம் குறைந்தவர்கள் பிள்ளை பெறுகிறார்கள், அதனால் தேசத்தின் இரத்தமே கெட்டுப்போகிறது. வறுமை, சோம்பல், குற்றம், அறிவுக்குறைவு எல்லாம் தாய் தந்தையரின் இரத்தத்தில் இறங்கி வருபவை என்று அவர் நம்பினார். மனித இனங்களை மேல் கீழாக அடுக்கினார். தகுதியற்றவர்கள் பெருகாமல் தடுத்துத் தகுதியுள்ளவர்களைப் பெருக்க வேண்டும் என்ற, யூஜெனிக்ஸ் என்று அழைக்கப்பட்ட இனமேம்பாட்டுக் கொள்கையை அமெரிக்காவில் மக்களிடம் கொண்டுசென்ற முன்னணிக் குரல்களில் ஒன்றாக அவர் ஆனார். 1906இல் அமெரிக்க இனப்பெருக்காளர் சங்கம் அமைத்த யூஜெனிக்ஸ் குழுவுக்கு அவரே தலைவர். மாட்டையும் சோளத்தையும் மேம்படுத்துவதற்காகத் தோன்றிய ஒரு சங்கம் மனிதரை மேம்படுத்தக் குழு அமைத்ததையும், அதன் தலைமையில் ஒரு பல்கலைக்கழகத் தலைவர் அமர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அன்று அந்தக் கொள்கைக்குக் கிடைத்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இந்த அடுக்கும் பழக்கம் அவருக்கு ஆசிரியர் வழியாகவும் வந்தது. 1873ஆம் ஆண்டுக் கோடையில் பெனிகீஸ் என்ற சிறு தீவில் அவருக்கு இயற்கையைக் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொடுத்த லூயி அகாசி, மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை, கறுப்பினத்தவர் தாழ்ந்தவர் என்று வாதிட்டவர். அகாசி டார்வினை மறுத்தார், ஜோர்டன் ஏற்றார். ஆனாலும் உயிர்கள் ஓர் ஏணியில் மேலும் கீழுமாக நிற்கின்றன என்ற எண்ணத்தை மாணவர் கைவிடவில்லை. பரிணாமம் என்பது கிளைவிட்ட மரம் என்றும், அதில் உயர்ந்த கிளை தாழ்ந்த கிளை இல்லை என்றும் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னது உனக்கு நினைவிருக்கலாம். மரத்தை ஏணியென்று கொண்டதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதற்கு ஜோர்டனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அவோஸ்தா என்ற ஊர் இருக்கிறது. 1880களில் அங்கே சென்ற ஜோர்டன், கழுத்தில் பெரிய கழலையும் குறுகிய உடலும் மந்தமான அறிவும் கொண்ட மனிதர்கள் பலர் தெருவில் பிச்சையெடுப்பதைக் கண்டார். அந்தக் காட்சியை அவர் வாழ்நாள் முழுதும் சான்றாகக் காட்டினார். அவர் சொன்ன காரணம், தருமம் அவர்களுக்குச் சோறு போட்டு வாழவைத்தது, வாழ்ந்தவர்கள் தமக்குள் மணந்து பெருகினார்கள், ஆகவே ஒரு தாழ்ந்த மனித வகை உண்டாயிற்று என்பதுதான். பிற்காலத்தில் அவர்களில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைத்ததால் அந்த வகை அற்றுப்போனது என்றும் எழுதினார். உண்மை என்னவென்றால், அந்த மக்கள் உண்ட உணவிலும் நீரிலும் அயோடின் போதவில்லை. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். இது இரத்தத்தில் இறங்கி வரும் குறை அன்று, உப்பில் சரிசெய்யக்கூடிய குறை. அயோடின் பற்றாக்குறையே கழலைக்குக் காரணம் என்று சாட்டான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1850களிலேயே சொல்லியிருந்தார். சுவிட்சர்லாந்து 1922இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பின், அங்கே புதிதாக அத்தகைய குழந்தைகள் பிறப்பது மறைந்துபோனது. யாரையும் பிரித்து வைக்கவும் தேவைப்படவில்லை, பிள்ளை பெறாதிருக்க யார் வயிற்றையும் அறுக்கவும் தேவைப்படவில்லை.

கடல்மீனில் அயோடின் உண்டு என்பதை நீ பாடத்திலேயே படித்திருக்கிறாய். உலகின் மீன்களை அவரளவு அறிந்தவர்கள் அக்காலத்தில் ஒரு கைவிரல் எண்ணிக்கைதான் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் மலையூரில் கடல்மீன் காணாத ஏழைகளைப் பார்த்து, அவர்கள் தட்டில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. மீனாக இருந்தால் அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார். ஒரு துடுப்பின் முட்களை எண்ணாமல், மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்காமல், வேறு கடலில் பிடித்ததோடு ஒப்பிடாமல் ஒரு மீனைப் பற்றி ஒரு வரி எழுதச் சம்மதிக்காத மனிதர், மனிதர்களைப் பற்றி எழுதும்போது தெருவில் கண்ட தோற்றத்தையும் தான் வளர்ந்த சமூகத்தின் வெறுப்பையும் சான்றாக ஏற்றுக்கொண்டார். அவர்மேல் என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: தன் அறிவியலுக்கே அவர் உண்மையாக இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, அவர் அமர்ந்திருந்த நாற்காலியைப் பற்றியது. தெருமுனையில் ஒருவன் சொன்னால் வெறுப்புப் பேச்சு என்று கடந்துபோகக்கூடிய ஒன்று, பல்கலைக்கழகத் தலைவர் சொன்னபோது சட்டமன்றங்களுக்குப் போனது. உலகின் முதல் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை 1907இல் இந்தியானா இயற்றியது. 1909இல் கலிபோர்னியா இயற்றியது. இந்தச் சட்டங்களை ஜோர்டன் தனியாளாகக் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை வேரூன்றிய நிலத்தைப் பண்படுத்தியவர்களில் அவர் ஒருவர். 1928இல் பாசடேனாவில் தொடங்கப்பட்டு, கலிபோர்னியாவின் கருத்தடை அறுவைகளை உலகுக்கு முன்மாதிரியாகப் பரப்பிய மனித மேம்பாட்டு அறக்கட்டளையின் தொடக்ககால அறங்காவலர் குழுவிலும் அவர் பெயர் இருந்தது. கலிபோர்னியாவின் மனநல மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் மட்டும் ஏறத்தாழ 20,000 பேருக்கு இந்த அறுவை செய்யப்பட்டது; அமெரிக்கா முழுவதும் 60,000க்கும் மேல். ஏழைகள், புலம்பெயர்ந்தோர், மெக்சிகோ வழிவந்த பெண்கள், திருமணத்துக்கு முன் கருவுற்ற இளம்பெண்கள் ஆகியோரே இதில் அதிகம் சிக்கினார்கள். கலிபோர்னியாவின் சட்டம் 1979இல்தான் நீக்கப்பட்டது. ஜெர்மனியில் நாஜிகள் 1933 ஜூலையில் தங்கள் கருத்தடைச் சட்டத்தை இயற்றியபோது கலிபோர்னியாவின் அனுபவம் அவர்களுக்குச் சான்றாக உதவியது. ஜோர்டன் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1931இல் இறந்துவிட்டிருந்தார்.

எண்கள் மனத்தில் தங்குவதில்லை, ஆகையால் ஒரு பெண்ணைச் சொல்கிறேன். வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண், வளர்ப்பு வீட்டாரின் உறவினன் ஒருவனால் பலாத்காரம் செய்யப்பட்டுக் கருவுற்றாள். அந்த வீட்டாரே அவளை அறிவுக்குறையுள்ளவள் என்று காப்பகத்தில் சேர்த்தார்கள். அவளுடைய தாயும் அங்கேயே அடைக்கப்பட்டிருந்தாள். கைக்குழந்தையாக இருந்த மகள் விவியனையும் ஏதோ சரியில்லை என்று ஒரு சமூகப் பணியாளர் சொன்னதைக் கொண்டு, மூன்று தலைமுறை மந்தபுத்திகள் போதும் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்து அறுவைக்கு அனுமதி தந்தது. விவியன் பள்ளிக்குப் போனாள். நன்றாகப் படித்தவர்களின் பட்டியலில் ஒருமுறை அவள் பெயரும் வந்தது. எட்டு வயதில் நோயில் இறந்தாள். அவளுடைய தாய்க்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை, பிறக்க விடவில்லை.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மண்ணில் பால்மரம் சீவிய ஆண்டுகளும் ஜோர்டன் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளும் ஒன்றே. அவருக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. அதை இட்டுக்கட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் காற்று ஒன்றுதான். தமிழன் சாது, சொன்னதைச் செய்வான், குறைந்த கூலிக்கு வருவான் என்று துரைமார் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். கூலியும் அந்தக் கணக்கில்தான் விழுந்தது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, நின்ற ஒருவனுடைய ஏழ்மைக்குக் காரணம் அவனுக்குக் கிடைத்த கூலி அன்று, அவன் பிறந்த இனம் என்று ஆகிவிட்டால், கூலியை உயர்த்த வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

என் தங்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் லயத்தில் வளர்ந்தவர்கள். இடைநிலைப் பள்ளிக்கு ஊருக்கு வந்த முதலாண்டிலேயே அவளைக் கடைசி வகுப்பில் போட்டார்கள். அப்பா விடுப்பெடுத்துப் போய்க் கேட்டபோது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் ஏறும், பரம்பரை அப்படி என்று ஓர் ஆசிரியர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த ஆண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரெசர் ஒருவர், அவள் புண்ணுக்கு மருந்து போட வந்தவர், சுவரிலிருந்த நாட்காட்டியின் எண்களை அவள் கண்ணைச் சுருக்கிப் படிப்பதைக் கவனித்தார். அவளுக்குக் கரும்பலகையே தெரிந்திருக்கவில்லை. கண்ணாடி போட்ட அன்று மாலை வாசலில் நின்று, தூரத்துப் பால்மரத்தில் பால் வடியக் கட்டியிருந்த மங்கு ஒவ்வொன்றையும் எனக்குச் சுட்டிச் சுட்டிக் காட்டினாள். அந்த ஆசிரியர் ஜோர்டனைப் படித்திருக்க மாட்டார். படித்திருக்க வேண்டியதும் இல்லை. பெரியவர்கள் மேடையில் சொன்னது அதற்குள் ஊர்ப்பேச்சாக ஆகிவிட்டிருந்தது.

இனி உன் இரண்டாவது கேள்வி. அவர் அந்தக் காலத்து மனிதர், அன்று எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது வரலாற்றைப் படிக்காமல் சொல்லும் சமாதானம். இந்தியானாவுக்கு இரண்டு ஆண்டுகள் முன், 1905இல், பென்சில்வேனியாவின் சட்டமன்றம் இத்தகைய மசோதா ஒன்றை நிறைவேற்றியது. ஆளுநர் பென்னிபேக்கர் அதில் கையெழுத்திட மறுத்து அதைத் தடுத்துவிட்டார். நியூஜெர்சியின் உயர்ந்த நீதிமன்றம் 1913இல் அம்மாநிலச் சட்டத்தைச் செல்லாதென்றது. இந்தியானாவிலும் 1921இல் முதல் சட்டம் விழுந்தது. மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் இனங்களின் மேல்கீழ்க் கணக்கைத் தரவுகளோடு மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். 1930இல் போப்பாண்டவரே இதைக் கண்டித்து மடல் எழுதினார். ஆகவே அதே காலத்தில், அதே நாட்டில், வேறு விதமாகச் சிந்தித்தவர்கள் இருந்தார்கள். ஜோர்டன் அவர்களைப் படிக்கும் வசதியும் அறிவும் உள்ளவர். நாம் அவரை அளக்க நம் காலத்திலிருந்து அளவுகோல் கொண்டுபோகத் தேவையில்லை.

ஜேன் ஸ்டான்ஃபோர்டின் மரணத்தைப் பற்றியும் நீ எங்கோ படித்ததாக எழுதியிருந்தாய். 1905 ஜனவரியில் அந்த அம்மையார் குடித்த தண்ணீரில் ஸ்ட்ரிக்னைன் கலந்திருந்தது. நம் எட்டிமரத்துக் கொட்டையில் இருக்கும் அதே விஷம். அப்போது பிழைத்துக்கொண்டவர், பிப்ரவரி 28 அன்று ஹோனலுலுவில் மோவானா ஓட்டலில் துடிதுடித்து இறந்தார். விஷத்தால் கொல்லப்பட்டார் என்று அங்கிருந்த மரண விசாரணைக் குழு முடிவு செய்தது. ஜோர்டன் கப்பலேறிப் போய், தானே ஒரு மருத்துவரை அமர்த்திக் கருத்துப் பெற்று, இதயம் நின்றதால் இறந்தார் என்று உலகுக்கு அறிவித்தார். அதுவே பல பத்தாண்டுகள் நின்றது. விஷம் வைத்தவர் யார் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை, அவர்தான் என்று பேசுவோர் பேச்சை நான் ஏற்கவில்லை. மருத்துவச் சான்று வேறாக இருக்க அவர் வேறொன்றைச் சொன்னார் என்பது மட்டும் உறுதி. அதற்கும் முன், 1900இல், அந்த அம்மையாரின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பேராசிரியர் எட்வர்ட் ராஸை அவர் வெளியேற்றியதும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது; நிறுவனத்தைக் காப்பதா உண்மையைக் காப்பதா என்ற இடத்தில் இருமுறையும் அவர் நிறுவனத்தின் பக்கமே நின்றார். இவை பரபரப்பான செய்திகள். ஆனால் 20,000 பேரின் முன் வைத்துப் பார்க்கும்போது இவற்றுக்கு நான் சிறிய இடமே தருவேன்.

பெயர் நீக்கம் மேலிருந்து மட்டும் வந்ததன்று. ஸ்டான்ஃபோர்டு இருக்கும் பாலோ ஆல்டோ நகரில் அவர் பெயரில் இருந்த நடுநிலைப் பள்ளியின் மாணவர் ஒருவர், பள்ளிக்குப் பெயர் தந்தவர் யாரென்று தேடிக் கட்டுரை எழுதப் புகுந்ததிலிருந்து அங்கே விவாதம் எழுந்து, 2018இல் அப்பள்ளியின் பெயர் மாறியது. 2020 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு தன் உளவியல் கட்டடத்திலிருந்து அவர் பெயரையும், அதன் முகப்பிலிருந்து அகாசியின் சிலையையும் அகற்ற முடிவு செய்தது. அதே மாதத்தில் இந்தியானா பல்கலைக்கழகமும் தன் உயிரியல் கட்டடத்துக்கும் வளாகத்தின் ஊடே ஓடும் ஓடைக்கும் இருந்த அவர் பெயரை எடுத்துவிட்டது. இது வரலாற்றை அழிப்பது என்று சிலர் வருந்துகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஒரு கட்டடத்துக்குப் பெயர் வைப்பது வணக்கம் செலுத்துவது. அந்த வாசலில் நுழைந்து உளவியல் படிக்கப் போகும் மாணவரின் பாட்டி அந்த அறுவைகளில் ஒன்றுக்கு உள்ளாகியிருக்கலாம். அவரிடம் தினமும் வணங்கச் சொல்ல ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரிமை இல்லை. இவ்விஷயத்தில் வரலாறு பெயர் இருந்தவரை மறைந்து கிடந்தது, பெயரை எடுத்த பிறகுதான் பலர் அதைப் படித்தார்கள்.

அறிவியலை ஒதுக்க வேண்டுமா என்றால், முடியாது, தேவையும் இல்லை. விலங்குகளின் அறிவியல் பெயரை முதலில் முறைப்படி வெளியிட்டவர் யாரோ அவர் பெயர் அதனோடு பதிவாகவே நிற்கும். அது யார் எப்போது செய்தார் என்ற கணக்கு, மரியாதை அன்று. ராஸ்ட்ரெல்லிஜர் என்ற பெயரோடு ஜோர்டனும் ஸ்டார்க்ஸும் இருந்தே தீருவார்கள், 1908ஆம் ஆண்டும் இருக்கும். உன் தேர்வில் அதை நீ எழுதத் தயங்காதே.

ஆனால் அந்த மீனின் முழுப் பெயரை எழுதும்போது இரண்டாம் பாதியையும் பார். ராஸ்ட்ரெல்லிஜர் கனகுர்டா. அந்தக் கனகுர்டா இலத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. விசாகப்பட்டினக் கடற்கரையில் தெலுங்கு மீனவர்கள் இந்த மீனுக்கு வழங்கிய பெயரைக் கேட்டு, பாட்ரிக் ரஸல் என்ற மருத்துவர் 1803இல் தன் நூலில் எழுதிவைத்தார். 1816இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதையே இனப் பெயராக ஆக்கினார். ஜோர்டன் தன் ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தியிருக்கக்கூடிய மனிதர்கள், அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்த மீனைப் பிற மீன்களிலிருந்து பிரித்தறிந்து, பெயரிட்டு, விற்று, உண்டுகொண்டிருந்தார்கள். இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வா. சந்தையில் இரண்டு கெம்போங் வாங்கி வைக்கிறேன், செவுளைத் திறந்து சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.